இரண்டு பேட்டரிகளும் உன் அக்காவும்

ஏரிக்கரை முகாம்,
பதினேழாம் எண் இடம்.
சனிக்கிழமை, காலை 10.20

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா, குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்பு ஆகிய நால்வரும் சுகம். உன் வண்டியின் பேட்டரிகள் இரண்டும்தான் சுகமில்லை. அங்கு நீயும் உன் வீட்டாரும் சார்ஜ் இறங்காமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதுவதையெல்லாம் புகார் என்று எடுத்துக்கொள்வாய். படுக்கை, அடுப்பு, அலமாரி என்று நீ ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டியை, நான் ஒரு வார்த்தை கேட்டதும் சாவியைக் கையில் கொடுத்தாய். என் உடன்பிறந்த தம்பி சைக்கிள் பம்பைக்கூட இரவல் தந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தேன், உனக்குத் தெரியும். உன் அக்கா எங்கேயாவது போகலாமா என்று கேட்டபோதெல்லாம் "லீவு கிடைக்கட்டும்" என்றேன். லீவு கிடைத்தபோது ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைத்தபோது வண்டி கிடைக்கவில்லை, இப்படியே ஊரில் உள்ளவர்களையெல்லாம் குறித்த நேரத்துக்கு அனுப்பிவைத்தேன், அவளை மட்டும் எங்கும் அனுப்பவில்லை, கூட்டிக்கொண்டும் போகவில்லை. ஓய்வு பெற்ற அன்று வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவளிடம் சொன்னேன்: "ஒன்பது இடம், எட்டு நாள், ஒண்ணுகூட விடாம காட்டறேன்." அவள் "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க"வை நீ கேட்டிருக்க வேண்டும். கரண்ட் போன வீட்டில் ஸ்விட்ச் போடுகிறவன்கூட அதைவிட அதிக நம்பிக்கையோடு போடுவான். அதனால்தான் இந்தப் பயணம் எனக்கு இவ்வளவு முக்கியம். இதிலும் சொதப்பினால் இனி அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேச எனக்கு வாய் வராது. கால அட்டவணையை டைப் அடித்து வண்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். நான்காவது இடமான இந்த ஏரிக்கு வருகை செவ்வாய் மாலை 4.10, புறப்பாடு புதன் காலை 6.30, இடையில் ஏரி பார்த்தல் ஒரு மணி இருபது நிமிடம். வருகை சரியாக நடந்தது.

புதன் காலை 6.28க்கு சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, 6.30க்குச் சாவியைத் திருப்பினால் டக் டக் டக். செல்ஃப் எடுக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் அதுவும் இருட்டு, தண்ணீர்ப் பம்பு இருமல்காரனைப் போல ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிட்டது. நீ கொடுத்த நோட்டை எடுத்தேன். முப்பத்தோரு பக்கம் உன் கைப்பட எழுதி, பாதிக்குப் பாதி "முக்கியம்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். எல்லாமே முக்கியம் என்றால் மனிதன் எதைப் படிப்பான்? புறப்படுமுன் நான் ஒன்பதாம் பக்கம் வரைதான் படித்திருந்தேன் (டயர் காற்று வரை). உன் அக்காதான் முதல் இரண்டு நாளும் பக்கத்து சீட்டில் அதைத் தொடர்கதை மாதிரி வாசித்துக்கொண்டு வந்தாள். "என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டதற்கு "ரெண்டு பேட்டரி இருக்குங்க" என்றாள். அது எனக்கும் தெரியும். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருப்பதன்மேல் "வண்டி" என்றும், படுக்கைக்கு அடியில் இருப்பதன்மேல் "வீடு" என்றும் நீயே எழுதி ஒட்டியிருக்கிறாய். ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று குடித்தனத்துக்கு. இரண்டும் ஒரே ராத்திரியில் எப்படிப் படுத்தன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முகாம் கடைக்கு ரொட்டி கொண்டுவருகிறவர் தினமும் 7.15க்கு வருகிறார். நான்கு நாளாகக் கவனிக்கிறேன், ஒரு நிமிடம் முன்பின் இல்லை. நம் டிப்போவில் இருந்திருக்க வேண்டிய மனிதர். அவர்தான் தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டு, "ஒரு ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க, சார்ஜ் ஏறட்டும்" என்றார். ஓடவிட்டேன். அதற்குள் மணி ஒன்பதரை, அன்றைய அட்டவணை முழுக்கப் பாழ். மறுநாள் இரண்டு இடமாகப் பார்த்து ஈடுகட்டிவிடலாம் என்று தங்கினோம். வியாழன் காலை 6.30, டக் டக் டக். (அன்று முதல் தினமும் ரொட்டிக்காரர் கேபிள் போட, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுகிறேன், காரணம் தெரியாமல் ரோட்டில் இறங்க எனக்குத் துணிவில்லை.) என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். படிக்கும் விளக்கைச் சந்தேகப்பட்டேன், கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், உன் அக்காவின் செல்போன் சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி அவளிடம் கொடுக்க, அவளும் வாங்கி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "குளிர்பெட்டியா இருக்குமோ, அதையும் பாத்துடுங்க" என்று அக்கறையாக எடுத்துக்கொடுத்தாள். இப்படி ஒத்தாசை செய்கிற மனைவி யாருக்கு வாய்க்கும் சொல்லு.

மத்தியானம் ரொட்டிக்காரர் சொல்லி வண்டி எலக்ட்ரீஷியன் வந்தார். வந்தது ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும். உதவிக்கு யாராவது பின்னால் வருகிறார்களா என்று நான் எட்டிப் பார்த்தது தப்புதான், அவரும் அதைப் பார்த்துவிட்டார். மீட்டரை வைத்தார், ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்து முள் இறங்குகிறதா என்று பார்த்தார், பிறகு எனக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் சொன்னார்: "ஐயா, எஞ்சின் ஓடறப்ப ரெண்டும் கூட்டுக்குடும்பம். ஒரே இடத்துல சமைச்சு ரெண்டுக்கும் சாப்பாடு. எஞ்சினை நிறுத்தினதும் தனிக்குடித்தனம். ராத்திரி குளிர்பெட்டி, விளக்கு எல்லாம் வீட்டு பேட்டரியிலதான் சாப்பிடணும், வண்டி பேட்டரி மேல கை வைக்கக் கூடாது. நடுவுல ஒரு ரிலே இருக்கு, அதுதான் பிரிச்சு வைக்கும். உங்க வண்டில ராத்திரியும் கூட்டுக்குடும்பமாவே இருக்காங்க. அதான் வீடு சாப்பிடறப்ப வண்டியும் சேர்ந்து காலியாகுது."

"பிரிக்க வேண்டியது ஏன் பிரிக்கலை?" என்றேன்.

"அதைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு பின்பக்கம் போனார். அங்கே உன் அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நிமிடம் (2.05 முதல் 2.30 வரை) உள்ளே ஒரே பேச்சு, நடுவில் ஒரு சிரிப்பு, காபி வாசனை. வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "பெரிசா ஒண்ணும் இல்லைங்க. அவசரப்பட வேண்டாம், நாளைக்கு வரேன்" என்றார். வெள்ளியன்று காலையும் டக் டக்தான். மறுபடி வந்தார், மறுபடி காபி. "ஞாயித்துக்கிழமை காலைல கட்டாயம் செல்ஃப் எடுக்கும்" என்றார். "எப்படிச் சொல்றீங்க?" என்றேன். "அனுபவம்தாங்க" என்றார். என் சர்வீஸில் எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்துவிட்டேன், கிழமை சொல்லி ரிப்பேர் பார்க்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்கிடையில் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும், இதற்குத்தான் இந்தக் கடிதமே. வண்டி நகராததால் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வியாழன் சாயங்காலம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உன் அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நின்றாள். எனக்கு விடிகாலை ஷிஃப்ட் என்றால் எனக்கு முன்னால் எழுந்து டப்பா கட்டியவள், இரவு ஷிஃப்ட் என்றால் நான் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள், அவள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் பாயைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஒன்றே முக்கால் மணி நேரம். கடிகாரம் பார்த்து எழுதியதல்ல, பிறகு நிழலை வைத்துக் கணக்குப் போட்டேன். முழித்துக்கொண்டவள், "நேரமாச்சா?" என்று பதறினாள். "எதுக்கு?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தாறு வருஷ சர்வீஸுக்கு டிப்போவில் போட்ட மாலையைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒன்பது இடம் காட்டுகிறேன் என்று சொன்னவன் நான்கில் நின்றுவிட்டேன். ஆனாலும் உன் பேட்டரிகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், ரொட்டிக்காரருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும்தான்.

வெள்ளிக்கிழமை மாலை பொழுது போகாமல் உன் நோட்டில் பாக்கி இருந்த பக்கங்களையும் படித்து முடித்தேன். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய். குறிப்பாக இருபத்து மூன்றாம் பக்கம் அருமை. இத்தனை நாள் படிக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

இன்று காலையும் செல்ஃப் எடுக்கவில்லை. அதற்கு என்ன செய்வது, எந்திரம் என்றால் அப்படித்தான். கதவில் ஒட்டிய அட்டவணையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், நடுவில் பசைக் கறை தெரிந்தால் பொறுத்துக்கொள். திங்கட்கிழமை வண்டியை ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தேன். பேட்டரி நிலைமை இப்படி இருப்பதால் இன்னும் ஒரு வாரம் தவணை தர முடியுமா? உனக்கு வண்டி அவசரமாகத் தேவை என்றால் ஒரு வார்த்தை சொல்லு, உடனே சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. உன் மனைவிக்கும் மாமியாருக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். அவர்கள் வாழ்க்கையில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வரட்டும், ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
என்றும் உன் நன்றியுள்ள அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. கவரில் போட்டு ஒட்டச் சொல்லி அத்தான் கொடுத்துவிட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுதுகிறேன். உன் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, மனசைக் குழப்பிக்கொள்ளாதே. உன் நோட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தில், "சிவப்பு ஸ்விட்ச்: எஞ்சின் பேட்டரி இறங்கினால் மட்டும் போடவும், இரண்டையும் சேர்த்துவிடும், வேலை முடிந்ததும் அணைக்கவும், மிக முக்கியம்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மூன்று நாளும் படுக்கப்போகும் முன் நான்தான் போட்டுவைத்தேன். ஸ்விட்சுக்கு முன்னால் உருளைக்கிழங்குக் கூடையை வைத்து மறைத்தேன். ஏரியை ஒரு மணி இருபது நிமிடத்தில் பார்த்து முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, எட்டு நாளுக்கும் அவ்வளவு ஆசையாக டைப் அடித்து வைத்திருந்தார். எலக்ட்ரீஷியன் பெண் கூடையை நகர்த்தியதும் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

இனிமேல்தான் விஷயம். நேற்று ராத்திரி நான் அந்த ஸ்விட்சைப் போடவில்லை. பாவம், மூன்று நாளாக டக் டக் என்று கேட்கிறாரே, போதும் என்று விட்டுவிட்டேன். காலையில் கிளம்பிவிடுவோம் என்று பாத்திரத்தையெல்லாம் கட்டியும் வைத்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் செல்ஃப் எடுக்கவில்லை. அவர் குளிக்கப் போனதும் கூடையை நகர்த்திப் பார்த்தேன், சிவப்பு ஸ்விட்ச் போட்டிருந்தது. வண்டிக்குள் படுத்தது நாங்கள் இரண்டு பேர்தான். கூடையைக்கூட நான் வைப்பது போலவே கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்திருந்தார்.