பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்

பாளையங்கோட்டை ஜாஸ்பருக்குத் தெருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், மேலப்பாளையம் ஆட்டோவில் கால் நீட்டித் தூங்குகிறவர், மழைக்கு ஒதுங்கிய நாய் என்று கறுப்பு வெள்ளையில் ஆறாயிரம் படம் எடுத்திருந்தார். மனைவி சாரம்மாளை மட்டும் எடுத்ததில்லை.

"தெரிஞ்சவங்க கேமராவைப் பாத்து முழிப்பாங்க. தெரியாதவங்கதான் அழகு" என்பார்.

நண்பர் தில்லைநாயகம் அவருக்காக ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். எந்தப் படத்தைப் பெரிதாக மாட்டுவது என்று ஜாஸ்பர் குழம்ப, சாரம்மாளே ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். உச்சி வெயில், பஸ் ஸ்டாப், குடைபிடித்து முதுகுகாட்டி நிற்கும் ஒரு பெண். அவளுக்கும் கலைக்கண் திறந்துவிட்டதே என்று மனிதர் பூரித்துப்போனார்.

கண்காட்சியில் கூட்டம் அந்தப் படத்தின் முன்னால்தான்.

"யாருவே இந்தம்மா?" என்றார் தில்லைநாயகம்.

தெரியாது என்று சொல்ல ஜாஸ்பருக்கு வாய் வரவில்லை. "சீவலப்பேரிக்காரி. மகன் துபாய்ல இருக்கான். வாரேன்னவன் வரல. தினமும் வந்து நிக்கா."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சாரம்மாளும் கொட்டினாள்.

"மகன் இல்ல அண்ணாச்சி, புருசன்" என்றாள். "கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னவரு, ஆபீஸ்ல அவசர வேலைன்னுட்டாரு. தனியா பஸ்ஸுக்கு நின்னேன். திரும்புதேன், டீக்கடை வாசல்ல நின்னு படம் எடுக்காரு."

ஜாஸ்பர் கிட்டே போய்ப் பார்த்தார். வீட்டுக் குடைதான். அவளுடைய அரக்குச் சேலைதான், கறுப்பாகிவிட்டிருந்தது. இருபத்தேழு வருஷம் கூடவே நடந்த முதுகு. தில்லைநாயகம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றார் ஜாஸ்பர், வீடு திரும்பும் வழியில்.

"நீங்களா எப்பம் கண்டுபிடிக்கீங்கன்னு பாத்தேன். ஆவாதுன்னு தெரிஞ்சுது. அதான் பெருசாப் போடச் சொன்னேன்."

மறுநாள் காலை ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். "கலர்லயே எடுக்கேன் சாரா" என்றார். கேமரா வழியாக வெகுநேரம் பார்த்தார். காதோரம் இவ்வளவு நரையா? கண்ணுக்குக் கீழே இந்தக் கறுப்பு எப்போது வந்தது?

"கண்ணாடியை மட்டும் கழட்டேன். வெளிச்சம் அடிக்கி" என்றவர், சட்டென்று கேமராவை இறக்கினார். "கண்ணாடி எப்பம் போட்ட?"

"நாலு மாசம் ஆச்சு" என்றாள் சாரம்மாள். "சிரிக்கவா, வேண்டாமா?"