ஒரு நரியைக்கூட இழக்காத தளபதி

உலக வரலாற்றில், தன் படையில் ஒரு உயிரைக்கூட இழக்காமல் போர் நடத்திய தளபதி ஒரே ஒருவர்தான். அவர் குதிரையேறிப் போனதில்லை. கம்பெனி வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனார். வாளேந்தியதில்லை, மவுஸ் ஏந்தினார். பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் மேலாளர். வருங்காலம் அவருக்கு நிச்சயம் சிலை வைக்கும். அந்தச் சிலைக்கு எந்த வெள்ளை அடிப்பது என்று சொல்ல இப்போது அவருடைய ஆய்வகத்தில் ஆளில்லை என்பது மட்டும்தான் குறை.

அவருக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். அக்கா, வயதிலும் குரலிலும் மூத்தவர். அவர் ‘வணக்கம்’ சொன்னால் பக்கத்துக் கிடங்கில் இருப்பவர்கள் பதில் வணக்கம் சொல்வார்கள். மச்சான், மேலாளரின் மனைவிக்குத் தம்பி. அந்த உறவு மேலாளருக்கு மட்டும்தான் என்றாலும், பாதுகாப்பு கருதி எல்லோரும் அவனை மச்சான் என்றே அழைத்தார்கள். மூன்றாவது ஆள் பூச்சி. முழுப்பெயர் வாயில்லாப் பூச்சி, அவசரத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். வேதியியல் படித்தவள். ஒரு நாளைக்கு அவள் பேசும் பேச்சை ஒரு பெயிண்ட் டின் மூடியின் மேல் எழுதிவிடலாம்.

கம்பெனி பதினாறு விதமான வெள்ளை தயாரித்தது. மச்சானின் அறிவியல் கொள்கை, ‘வெள்ளைன்னா வெள்ளை’. பூச்சி மட்டும் காய்ந்த மாதிரித் தகட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பாள். “மஞ்ச ஏறியிருக்கு” என்பாள். அளக்கும் இயந்திரம் அரைமணி நேரம் மூச்சிரைத்துவிட்டு அதையே சொல்லும். அந்த ஜன்னலோரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் எல்லோரும் கேட்டுக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

மேலாளரின் அறைக்கதவில் ‘மூலோபாயப் பணி நடைபெறுகிறது’ என்ற அட்டை தொங்கும். உள்ளே நடைபெற்றது, சீனப் புராணங்களை வைத்துச் செய்த ஒரு கம்ப்யூட்டர் போர் ஆட்டம். திரை முழுக்கக் கட்டங்கள். நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும். பிறகு எதிரி நகர்த்துவான். நான்கு கடல்களுக்கும் நான்கு டிராகன் அரசர்கள், மேளம் அடித்து இடி இறக்கும் ஒரு தேவன், நிலாவில் உட்கார்ந்து மருந்து இடிக்கும் முயல், ஒன்பது வால் கொண்ட நரி. இவர்கள் எல்லோருக்கும் மேலே வானத்தில் ஒரு அரசவை. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு இலாகா உண்டு. ஒரு தூறல் விழவேண்டும் என்றால்கூட முத்திரை குத்திய உத்தரவு வேண்டும். மேலாளர் முதல் நாளே அங்கே தன் தாய்வீட்டைக் கண்டார்.

ஆட்டத்தில் ஒரு கொடிய விதி இருந்தது. செத்தவர் செத்தவர்தான். பாதாளத்துக்குப் போய் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தடியில் ஒரு கிழவி சூப் கொடுப்பாள். அதைக் குடித்தால் பழசெல்லாம் மறந்துபோகும். பிறகு மறுபிறவி எடுத்து வேறு எங்காவது எதிரே வருவார். ஆனால் நம்மைத் தெரியாது.

தொடக்க நாட்களில் மேலாளர் இந்த விதிக்கு இடித்தேவனைப் பறிகொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து ஏதோ மீனவர் குப்பத்தில் அவனைப் பார்த்திருக்கிறார்.

“கிட்டப் போய் நின்னேன்மா. ‘தாங்கள் யார்?’னு கேட்டுட்டான்” என்றார் ஆய்வகத்தில் எல்லோரிடமும். கண் கலங்கியிருந்தது. “எத்தன போர்ல ஒண்ணா நின்னோம்! தாங்கள் யாராம்! எப்படிம்மா ஒருத்தனால அப்படிக் கேக்க முடியும்?”

“சூப்பு குடிச்சிருக்கான்ல சார்” என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

அன்று பிற்பகல் மேலாளர் துக்க விடுப்பு எடுத்தார். மறுநாள் வந்து, அதுவரை ஆடியதை அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். ஆகவே அந்த இழப்பை வரலாறு கணக்கில் சேர்க்காது.

அந்த வாரமே ‘தலைமைப் பண்பு குறித்த அவசரக் கூட்டம்’ நடந்தது. மேலாளர் பலகையில் பெரிதாக எழுதினார்: ஒருவரையும் விட்டுக்கொடுப்பதில்லை.

“இனிமே இதுதான் நம்ம ஆய்வகத்தோட கொள்கை” என்றார்.

“சார், போன வாரம் அனுப்பின பெயிண்ட் பேட்ச் திரும்பி வந்திருக்கு” என்றார் அக்கா.

“பாத்தியா? பேட்ச்சக்கூட நாம விட்டுக்கொடுக்கல.”

மச்சான் கைதட்டினான். கூட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது.

பூச்சி ஒரு கையெழுத்துக்காக மேலாளரின் அறைக்குள் போன நாளில்தான் அவளுடைய பதவி உயர்வு நேர்ந்தது. திரையில் நரி ஆற்றோரக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. பூச்சி பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“நரி அங்க வேணாம் சார்.”

மேலாளர் சிரித்துவிட்டு நரியை அங்கேயே விட்டார். எதிரியின் முறை வந்ததும் ஆற்றிலிருந்து ஒரு டிராகன் எழுந்து நரியை விழுங்கிவிட்டது. மேலாளர் அலறிக்கொண்டே ஆட்டத்தை அணைத்துப் போட்டார். அப்படிச் செய்தால் அந்தப் போர் மட்டும் மறுபடி முதலிலிருந்து வரும், செத்தவரும் பிழைத்திருப்பார். இரண்டாவது தடவை நரியை மேட்டில் நிறுத்தினார். போர் முடிந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் பூச்சிக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. நாற்காலிக்கு ‘ஆலோசனைப் பிரிவு’ என்று பெயர். சம்பளத்தில் மாற்றம் இல்லை.

அவள் வந்து கட்டங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். மாதிரித் தகட்டைப் பார்ப்பது போலவே தலையைச் சாய்த்துப் பார்ப்பாள்.

“முயல முன்னால விடுங்க சார்.”

“அடி விழுமேம்மா!”

“விழும். சாகாது.”

“வலிக்குமே!”

பூச்சிக்கு அந்த ‘வலிக்குமே’ மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு கார்ட்டூன் முயலுக்காக ஒரு பெரிய மனிதர் கண் கலங்குகிறார். இன்னொரு நாள், ஜெயித்து முடித்த போரை, முயலின் காதில் லேசாக நெருப்பு பட்டுவிட்டது என்பதற்காகத் திரும்ப ஆடினார். அன்று இவர் கையெழுத்துக்காக மூன்று பேட்ச் காத்துக்கிடந்தன. கிடக்கட்டும். இப்படிப்பட்டவருக்குக் கீழே வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பூச்சி நினைத்தாள்.

இப்படியிருக்கும்போது மாடியிலிருந்து உத்தரவு வந்தது. நிர்வாகம் மாடியில் இருந்தது. நிர்வாகத்தை யாரும் பார்த்ததில்லை. அதனால் மாடி என்றே சொல்வார்கள். ஆய்வகத்தில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும், யாரை என்பதை மேலாளரே முடிவு செய்யலாம் என்று மாடி சொல்லிவிட்டது.

மறுபடியும் கூட்டம். பலகையில் பழைய எழுத்து அழிக்கப்படாமல் இருந்தது.

“நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்று தொடங்கினார் மேலாளர்.

“குடும்பத்துல யார சார் வெட்டப் போறீங்க?” என்றார் அக்கா. கிடங்கில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“வெட்டுன்னு சொல்லாதம்மா. மாடியில அதுக்கு ‘மறுபிறவி வாய்ப்பு’ன்னு பேர் வச்சிருக்காங்க.”

“அப்ப மொதல்ல செத்தாகணுமே சார்?”

மேலாளர் தண்ணீர் குடித்தார். மச்சான் செல்போனில் எதையோ ஆழ்ந்து படித்தான். அவனுக்கு இந்தக் கூட்டம் ஒரு நாடகம் மாதிரிதான். டிக்கெட் வீட்டிலேயே எடுத்தாகிவிட்டது.

கூட்டம் முடிந்து, பிரஷ் கழுவும் தொட்டியருகே அக்கா பூச்சியைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க பாருடி. நான் கத்துவேன். என்னத் தொட மாட்டாங்க. மச்சானத் தொட்டா சாருக்கு வீட்டுல சோறு கிடைக்காது. மிச்சம் யாருன்னு நீயே பாத்துக்க.”

“சார் அப்படி இல்லக்கா.”

“எப்படி இல்ல?”

“ஒருத்தரையும் விட மாட்டார்க்கா. நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.”

“நீ பாத்தது நரியடி! நரிக்கு மாடி கிடையாது. இப்பவே மேல ஏறிப் போ. பதினாறு வெள்ளையும் எனக்குக் கண்ணாலயே தெரியும்னு சொல்லு. வாயத் தொற. குனியக் குனியக் குட்டுவாங்கடி இந்த ஊர்ல.”

பூச்சி மாடிப்படி வரை போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் தனக்காகப் பேசுவது அவளுக்கு எப்போதுமே வெட்கமாக இருக்கும். அதோடு, முயலுக்கு வலிக்குமே என்று துடித்த மனிதரைச் சந்தேகப்படுவது பாவம் இல்லையா? திரும்பி வந்து ஜன்னலோரம் நின்று, ஒரு தகட்டைச் சாய்த்துப் பிடித்தாள்.

மறுநாள் காலையிலேயே மேலாளர் கூப்பிட்டார். அவள் உள்ளே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் நிலைமை மோசமாக இருந்தது. நரியைச் சுற்றி நாலு பக்கமும் எதிரிகள்.

“பாரும்மா, வழியே இல்ல” என்றார் மேலாளர்.

பூச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“முயல வலது பக்கம். அப்புறம் இடித்தேவன். அப்புறம் நரி, அந்த இடைவெளியில.”

மேலாளர் நகர்த்தினார். இடி இறங்கியது, வழி திறந்தது, நரி ஒன்பது வாலையும் வீசிக்கொண்டு வெளியே வந்தது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

“நீ மட்டும் இல்லன்னா நான் என்னம்மா செய்வேன்!”

பூச்சி வெட்கத்தோடு தரையைப் பார்த்தாள்.

“அப்புறம் ஒரு சின்ன விஷயம்மா. மாடிக்கு உன் பேரக் குடுத்திருக்கேன்.”

பூச்சி நிமிர்ந்தாள். ஒரு கணம், பதவி உயர்வு என்றுதான் நினைத்தாள். மேலாளர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அக்காவச் சொன்னா ஊரக் கூட்டிருவாங்க. மச்சான், உனக்கே தெரியும். நீ படிச்ச பொண்ணு. பக்குவமானவ. சத்தம் போட மாட்டே.”

பூச்சி தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். பிறகு அவள் அந்த அறையில் அதுவரை பேசியதிலேயே தைரியமான வாக்கியத்தைப் பேசினாள்.

“இன்னொரு தடவ ஆடிப் பாக்கலாமா சார்?”

மேலாளர் பாசத்தோடு சிரித்தார்.

“இது ஆட்டம் இல்லம்மா. நிஜம். நிஜத்துல போன நகர்வு போனதுதான்…”

அதற்குள் எதிரியின் முறை வந்துவிட்டது. இடைவெளியில் நரி தப்பிவிட்டது. ஆனால் பின்னால் நின்ற முயலின் மேல் ஒரு பாறை உருண்டது.

“அய்யய்யோ, முயல்!” என்று கத்தினார் மேலாளர். ஆட்டத்தை அணைத்து, முதலிலிருந்து தொடங்கினார்.

பூச்சி கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

விடைபெறும் நாளில் அவளுக்கு ஒரு பேனாவும், ‘குடும்பத்தில் என்றும் நீ’ என்று அச்சிட்ட கோப்பையும் பரிசாகக் கிடைத்தன. மேலாளர் நெகிழ்ந்து பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அக்கா உரத்த குரலில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மச்சான் கைதட்டினான். கோப்பையின் வெள்ளை பதினாறில் ஒன்றுகூட இல்லை, பழுப்பேறியிருந்தது. பூச்சி அதைச் சொல்லவில்லை.

இப்போது அவள் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறாள். சுவருக்கு வண்ணம் கேட்டு வருபவர்களுக்கு அங்கேயே கலந்து கொடுப்பாள். கடைக்காரம்மாவுக்கு இவள் கண்ணின் மேல் அசாத்திய நம்பிக்கை. அன்று ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்த ஒரு செதிலைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார்.

“இதே வெள்ள வேணும்மா. பொண்டாட்டி சொல்லிட்டா. வேற வெள்ள வாங்கிட்டு வந்தா நானும் வெளிய, டின்னும் வெளிய.”

பூச்சி செதிலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தபோது செல்போன் அடித்தது.

“நான்தாம்மா” என்றது மேலாளரின் குரல். “இங்க ஒரே குழப்பம். நாலு லாரி வெள்ள திரும்பி வந்திருக்கு. மஞ்சளாம், நீலமாம், என்னென்னமோ சொல்றாங்க…”

பூச்சி காதோடு போனை அழுத்திக்கொண்டாள். திரும்பக் கூப்பிடுகிறாரோ? அந்த ஜன்னல் கண்முன் வந்தது.

“அது கிடக்கட்டும்மா” என்றார் மேலாளர். “ஒரு உயிர்ப் பிரச்சினை. கடைசிப் போர். நரி பாலத்துக்கிட்ட மாட்டிக்கிச்சு. எத்தன தடவ திரும்ப ஆடினாலும் செத்துப் போவுது. நீ சொன்னாத்தான் பொழைக்கும். சீக்கிரம் சொல்லும்மா, முயல எங்க விடட்டும்?”

பூச்சி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

“யாரும்மா போன்ல?” என்று கல்லாவிலிருந்து கேட்டார் கடைக்காரம்மா.

“ஹலோ? கேக்குதா? நான்தாம்மா, சார்!”

பூச்சி செதிலைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

“தாங்கள் யார்?”