சம்பந்தி அனுப்பிய மட்டைகள்

லோபாக், சிரம்பான், மலேசியா

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சம்பந்தி திரு. மொரிஷிதா அவர்களுக்கு,

சிரம்பானிலிருந்து சிவசிதம்பரம் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கமலாதேவியும் நலம். அங்கே ஹிமேஜியில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை தைகியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம். உங்கள் மொழி எனக்கு வராது, ஆங்கிலம் உங்களுக்குத் தடுமாறும். ஆகையால் இதைத் தமிழிலேயே எழுதி, அங்கே ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மகள் நிரோஷாவுக்கு அனுப்புகிறேன். அவள் ஜப்பானியத்தில் எழுதி உங்களிடம் தருவாள். (நிரோஷா, இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் உனக்கு மட்டும். தப்பித் தவறிச் சம்பந்திக்குச் சொல்லி வைக்காதே. தையில் கல்யாணம்.)

தாங்கள் எனக்கென்று அன்போடு அனுப்பிய கோல்ஃப் மட்டைகள் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. எப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். மிக அருமை. எனக்கு மிகவும் பொருத்தம். (இந்த வரியை நல்ல மரியாதையான ஜப்பானியத்தில் போடு.) பதில் தாமதமானதற்குக் காரணம் கமலாதேவி. பெட்டியைப் பார்த்த உடனேயே அது மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று முடிவு கட்டிவிட்டாள். இராகுகாலம் கழியும்வரை பிரிக்க விடவில்லை. பிரித்த பிறகு பித்தளைத் தாம்பாளத்தில் மட்டைகளை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் இருந்த பாவத்துக்காக ஏழாம் நம்பர் மட்டைக்கு மட்டும் மல்லிகைச் சரம் சுற்றி, சாமி அறையில் கிழக்குப் பார்க்க வைத்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, சம்பந்தி வீட்டுச் சாமான். நல்ல நாள் பாராமல் மண்ணிலை அடிக்கிறதோ?" என்று கேட்டாள். மண்ணில் அடிப்பதற்கென்றே செய்த பொருள் அது என்று நான் சொன்னது எடுபடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஜப்பானில் தாலிக்குப் பதில் இதைத்தான் கொடுப்பார்களா என்று ஒரு அம்மா மிகக் கவலையோடு விசாரித்தார்.

நல்ல நாள் வரும்வரை நான் காலையும் மாலையும் சாமி அறைக்குப் போய் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவருக்குப் பக்தி வந்துவிட்டது என்று கமலாதேவி தன் தங்கையிடம் போனில் சொல்லிப் பூரித்ததை நான் கெடுக்கவில்லை. சம்பந்தி, தண்ணீர் இலாகாவில் பொறியாளராக இருந்த காலத்திலிருந்தே நான் ஜப்பான் மட்டை தவிர வேறு தொட்டதில்லை. என்னிடம் இருந்த பழைய செட் அச்சில் வார்த்தது, அடிப்பாகம் அகலம். எங்கே பட்டாலும் பந்து எப்படியோ போய்ச் சேரும், ஆனால் எங்கே பட்டது என்று கைக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பக்கத்து உலையில் மெல்லிரும்பை அடித்துச் செய்த இந்த மட்டை அப்படியல்ல. நடுவில் பட்டால் பழுத்த பப்பாளியில் கத்தி இறங்குவது மாதிரி இருக்கிறது. நடுவில் படாவிட்டால் முழங்கை வரை சொல்லிக் காட்டுகிறது. இப்படி உண்மை பேசும் இரும்பை நான் இதுவரை பிடித்ததில்லை.

மட்டையின் தண்டான ஷாஃப்ட் விஷயத்திலும் உங்கள் நாட்டாரின் மரியாதையை நான் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன். மற்ற ஊர்களில் மெதுவாக வீசுகிறவனுக்கு நன்றாக வளையும் ஆர், வேகமாக வீசுகிறவனுக்கு விறைப்பான எஸ், அவ்வளவுதான். எஸ்ஸை விட்டு இறங்க மனம் வராத மனிதனுக்காக நடுவில் எஸ்ஆர் என்று ஒரு படி வைத்தவர்கள் நீங்கள். ஆருக்கும் கீழே வருகிறதை, வெளியே பல பேர் கிழவர்களுக்கு உரியது என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறார்கள். நீங்கள் ஆர்2 என்று நாசூக்காக எழுதுகிறீர்கள். முதல் அடிக்கு நான் எடுக்கும் டிரைவர் மட்டையில் இருப்பது ஆர்2தான். யாராவது கேட்டால் அது ஆரில் இரண்டாவது ரகம், விசேஷமானது என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் நீங்கள் அனுப்பியதில் கனமான ஸ்டீல் ஷாஃப்ட், அதில் எக்ஸ் என்று போட்டிருக்கிறது. எஸ்ஸுக்கும் மேலே. என் பலத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த உங்களுக்கு நன்றி.

(எக்ஸ்! நிரோஷா, இது உன் வேலைதானே? "எங்க அப்பா ரொம்ப தூரம் அடிப்பார்" என்று தைகியிடம் சொல்லியிருக்கிறாய், அவர் அப்படியே போய் அவருடைய அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூட நடந்து வந்து பார்த்தாயே, அந்த அடி எஸ்டேட் தார் ரோட்டில் விழுந்து, இறக்கத்தில் உருண்டு எஸ்டேட் கங்காணி மந்தோர் வீட்டு வாசல் வரை போனது. ரோடுதான் கொண்டுபோனது அம்மா, நான் இல்லை. நீ கை தட்டிக் குதித்ததால் அன்றைக்கு நான் விளக்கவில்லை. நீ இன்னும் அதை நம்பிக்கொண்டிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.)

கடைசியில் நல்ல நாள் வந்தது. ரந்தாவ் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு. லோபாக்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் என் நண்பர் அப்துல் ஜலீலும் நானும் வழக்கமாக அங்கேதான் ஆடுவோம். முதல் அடி அடித்தேன். பந்து மிகத் தாழ்வாகவும் மிக உறுதியாகவும் வலது பக்கம் பறந்து, குலை ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்குள் விழுந்தது. லோரி மில்லுக்குப் போய்விட்டது. "பரவால்ல சார், அடுத்த மாசம் எண்ணெயா திரும்பி வரும் லா" என்றார் ஜலீல். பிறகு என் மட்டையை வாங்கி, இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்து, "என்னா சார் இது, கடப்பாரைய குடுத்து விட்டுருக்காங்க?" என்று கேட்டார். அவர் கறி கிண்டிப் பழகிய கை, அவராலேயே முடியவில்லை. மீதி ஆட்டத்தில் நான் செம்பனை மரங்களோடு நெருங்கிப் பழகினேன். ஒரு வேரில் மட்டை மோதியதில் இடது மணிக்கட்டு லேசாக வீங்கியது. (லேசாக என்று போடாதே. வீங்கியதையே விட்டுவிடு. இந்தப் பத்தியில் ஆட்டம் இனிதே நடந்தது என்று மட்டும் எழுது.)

அன்று மாலை நாம் வீடியோவில் பேசினோம் அல்லவா? என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து நீங்கள் பதறிக் கேட்டபோது, கமலாதேவி முந்திக்கொண்டு, அது கல்யாணத்துக்குப் பெண்ணின் தகப்பன் கட்டும் காப்பு என்று சொல்லிவிட்டாள். நீங்களும் ஒன்று கட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்களாம். வேண்டாம், சம்பந்தி. (சிரிக்காமல் மொழிபெயர்த்தாயே, உன் கெட்டிக்காரத்தனத்துக்கு அப்பாவின் நன்றி.) அதன் பிறகு நமக்குப் பேச ஒரு சொல்லும் இல்லாமல் இருவரும் சும்மா சிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் எழுந்து போய் ஒரு குடையை எடுத்து வந்து மட்டை போலப் பிடித்துக் காட்டினீர்கள். நானும் என் குடையை எடுத்து வந்தேன். என் கட்டைவிரலை நீங்கள் உற்றுப் பார்த்து, தலையை ஆட்டி, உங்கள் விரலைச் சற்று உள்ளே நகர்த்திக் காட்டினீர்கள், நானும் நகர்த்தினேன். இரண்டு வீட்டுப் பெண்களும் வாய் பொத்திச் சிரிக்கச் சிரிக்க, நாம் பாட்டுக்குக் குடையை வீசிக்கொண்டிருந்தோம். மகளை இவ்வளவு தூரம் கட்டிக் கொடுக்கிறோமே, அந்த வீட்டில் யாரோடு என்ன பேசப்போகிறோம் என்று எனக்குள்ளே ஒரு பயம் இருந்தது. அன்றுதான் அது குறைந்தது.

மறுவாரம் ஜலீல் என்னை மட்டை பழுது பார்க்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உங்கள் மட்டை போலவே தலையுள்ள ஒன்றில் லேசான கார்பன் ஆர்2 ஷாஃப்ட் போட்டு வைத்திருந்தார்கள். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அடித்தேன். பந்து உயரமாக எழும்பி, நேராகப் போய், மெத்தென்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாத்திடுங்க சார். தல அவங்களுது, கம்பு நம்மளுது. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் ஜலீல். வீட்டில் வந்து சொன்னேன். "கலியாணத்துக்கு முன்னாலை சீர்ச் சாமானை வெட்டுறதோ? வாயைக் கழுவுங்கோ" என்றாள் கமலாதேவி. (இந்தப் பத்தியே வேண்டாம்.)

ஆகவே சம்பந்தி, மட்டைகள் எல்லா விதத்திலும் எனக்குப் பொருத்தமானவை என்பதை மறுபடியும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் ரந்தாவில் நாம் இருவரும் ஆடலாம். நான் எக்ஸ் ஷாஃப்டோடு காத்திருப்பேன். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சுகமும் நீண்ட ஆயுளும் நேரான அடிகளும் அமையட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி.

தங்கள் அன்புள்ள,
சிவசிதம்பரம்

பி.கு.: நிரோஷா, எழுதி முடித்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "உங்கடை மகளும் நாளைக்கு அங்கையிருந்து இப்பிடித்தான் எழுதுவாள்" என்றாள். அதற்குமேல் எனக்கு இந்தக் கடிதத்தை அனுப்ப மனமில்லை. மேலே உள்ள எதையும் மொழிபெயர்க்காதே. கீழே உள்ளதை மட்டும் ஒரு சொல்கூட விடாமல் போடு. உனக்கு வெட்கமாக இருந்தாலும் போடு, இது அப்பாவின் உத்தரவு.

சம்பந்தி, உங்கள் மட்டைகள் மிக அழகானவை. ஆனால் ஷாஃப்ட் எனக்கு மிகக் கடினம், என்னால் அடிக்க முடியவில்லை. கையில் இருந்தது காப்பு அல்ல, காயக் கட்டு. நீங்கள் வருந்துவீர்களே என்று பயந்து, பொருத்தம் என்று சொல்ல இருந்தேன். என் மகளும் என்னைப் போலத்தான். உங்கள் வீட்டில் அவளுக்கு ஏதாவது ஒத்து வராவிட்டால் சொல்ல மாட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். தயவுசெய்து அதை நம்பிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் கேளுங்கள்.