கிழக்கே வலது கை

நம் நாட்டுக் கால்பந்து ஏன் இன்னும் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கிறது என்று டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் மணிக்கணக்காக அலசுகிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். சூரமங்கலம் பத்திரக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவருடைய பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு கறுப்புப் பை. நிலம், வீடு, கிணற்றில் பாதி என்று எதையும் எழுதிக் கொடுப்பார். பூர்விகம் எடப்பாடிப் பக்கம். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பூஜ்யம். கோல் போஸ்ட்டை 'வாசக்கால்' என்பார். கோல்கீப்பரான நான் 'வாசக்கால்ல நிக்கற சாமி'. ஆனாலும் ஒரு மேட்ச் விடாமல் வருவார். குடையோடு வருவார், வெயிலானாலும் மழையானாலும் அதை விரிக்கவே மாட்டார்.

அப்போது சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஆறு டீம்கள் இருந்தன. எங்கள் டீமை நடத்தியவர் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளி. மற்றவை நூல் மில், லாரி, கோழிப்பண்ணைக்காரர்களுடையவை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், வேலை, சிலருக்குத் தங்க இடமும் உண்டு. இல்லாதது ஒழுங்கு மட்டும்தான். எங்கள் ஃபார்வர்டு ஒருவன் சனிக்கிழமை எங்களுக்காக இரண்டு கோல் போட்டான். ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் டீம் பனியனில் வந்து எனக்கே மூன்று போட்டான். போட்டுவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்ணா" என்றான். நினைக்காமல் வேறென்ன செய்வது?

இது ஆகாது என்று ஆறு முதலாளிகளும் கூடி, பத்திரக்காரரிடம் ஒப்பந்தம் எழுதுவது, மீறுகிற டீமோடு மற்ற ஐந்தும் ஆடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

முதல் ஒப்பந்தம் அந்த ஃபார்வர்டுக்குத்தான். பத்திரக்காரருக்குக் கை பழகியது கிரயப் பத்திரம். எனவே, 'மேற்படி ஆட்டக்காரரைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதிவிட்டார். மறுநாள் காலை பையனின் அம்மா விளக்கமாற்றோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எம் பையன வித்துப்போட்டீங்களா? அவனுக்குப் பொறக்கப் போற புள்ளைகளயுஞ் சேத்து வித்துப்போட்டீங்களா?"

பத்திரக்காரர் தாளை எடுத்து மறுபடி படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஆமாங்க. பெரிய தப்பு பண்ணிப்போட்டனுங்க" என்று அவள் கண் முன்னாலேயே அதைக் கிழித்தார். அன்றோடு கிரயம் ஒழிந்தது, குத்தகை வந்தது. "மனுசன விக்க முடியாது. அவனோட ஆட்டத்தத்தான் ஒரு வருசத்துக்குக் குத்தகைக்கு உடலாம்" என்று மைதானத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் நான்கெல்லையை மட்டும் விடவில்லை. எல்லை சொல்லாத சொத்து எங்கே இருக்கிறது? என் ஒப்பந்தத்தில் இப்படி இருந்தது: 'தெற்கே தலை, வடக்கே பாதம், கிழக்கே வலது கை, மேற்கே இடது கை, இதற்குள்பட்ட ஆள் ஒருவர்.'

"நான் எந்தப் பக்கம் பாத்து நின்னா இது சரியா வருமுங்க?" என்று கேட்டேன்.

"நிக்காத சாமி. மல்லாந்து படு."

"தலைய வடக்க வெச்சா கை மாறிப் போகுமே?"

"வடக்க தலை வெச்சு எவனாவது படுப்பானா?" என்று எரிந்து விழுந்தார். முதலாளி உடனே என்னைப் பெஞ்சில் படுக்க வைத்துச் சரிபார்த்தார். எல்லை சரியாகத்தான் இருந்தது.

டீம் மாறுவதற்கு அவர் வைத்த காலம் ஆடி ஒன்று முதல் பதினெட்டு வரை. ஆடியில் யாரும் நிலம் வாங்க மாட்டார்கள், மேஜையில் இவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் என்று நாங்கள் சிரித்தோம். அவர் சொன்ன காரணம் வேறு. "கட்டிக் குடுத்த பொண்ணே ஆடியில பொறந்த ஊட்டுக்குப் போவுது. ஆட்டக்காரன் ஊடு மாறுனா ஆரு கேக்கப் போறா?" பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பேனாவை மூடிப் பைக்குள் போடுவார். அதற்குப் பிறகு சாமியே வந்தாலும் அடுத்த ஆடிதான்.

நான் அந்த வருடம் வைகாசியில் கல்யாணம் ஆனவன். ஆடி பத்தாம் தேதி ரிக் முதலாளியிடம் கையெழுத்துப் போட்டேன். தமிழ் வருடம் முடிகிற பங்குனி கடைசி வரை சம்பளம், ரிக் ஆபீசில் எழுத்து வேலை, ஷெட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு. ஆடி இருபதாம் தேதி நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார். இதைவிட நல்ல சம்பளம், வாரம் ஒரு ட்ரே முட்டை. பத்திரக்காரரிடம் ஓடினேன்.

"ரெண்டு நாளுதானுங்க தாண்டியிருக்குது. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"முடியாது சாமி."

"ரெண்டே நாளுங்க!"

"ரெண்டு நாளுன்னு இன்னைக்கு நீ வந்திருக்கற. ரெண்டு மாசம்னு நாளைக்கு உங்க மொதலாளி வருவாரு. அப்ப நானு என்னன்னு சொல்லட்டும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி முறித்துப் போட்டிருப்பேன். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. முட்டை சாப்பிடும்போதெல்லாம் திட்டினேன்.

ஐப்பசியில் செமிஃபைனலுக்கு ஒரு வாரம் இருந்தது. பயிற்சியில் பந்துக்குப் பாய்ந்து போஸ்ட்டில் மோதினேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தால், மனைவி கட்டைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். "இந்த ஊட்ட உட்டுப் போகச் சொல்லீருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் முதலாளி பத்திரக்காரரின் மேஜைக்கு என்னை வரச் சொன்னார். பக்கத்தில் ஆறடியில் ஒரு புது கோல்கீப்பர் நின்றிருந்தான். இரண்டு கையும் நன்றாக இருந்தன.

"பத்திரக்காரரே, கெழக்கு எல்லை ஒடஞ்சு போச்சுங்க. நீங்க எழுதுன சொத்தே இப்ப இல்லீங்க. இவனக் கழிச்சுட்டு இந்தத் தம்பிய எழுதுங்க. ஊட்டையும் தம்பிக்கே குடுத்தறலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று மாதம் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பத்திரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லைக்கல்லு சாஞ்சா நிமித்தி நடுவீங்களா, இல்ல நெலத்தையே தூக்கி வீசீருவீங்களா?"

"இது வேறங்க..."

"ஒன்னும் வேற இல்லீங்க. ஆடி இருவதுல இவன் போறேன்னு வந்து நின்னான். நானு உடலை. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சான். அன்னைக்கு அவனக் கட்டுன கவுறு இன்னைக்கு உங்களக் கட்டாதுங்களா? பங்குனி வரைக்கும் அவன் உங்க ஆளு. கை ஒடஞ்சாலும் உங்க ஆளு."

"அப்ப செமிஃபைனல்ல வாசக்கால்ல ஆரு நிக்கறதுங்க?"

"ஆடியிலயே ரெண்டு பேர எழுதியிருக்கோணும்."

முதலாளி கொஞ்ச நேரம் குதித்தார். வேறு ஆளிடம் எழுதிக்கொள்வேன் என்றார். "எழுதிக்குங்க. மத்த அஞ்சு டீமும் அந்தப் பத்திரத்தப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இவர் டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்தது. புது கோல்கீப்பரும் ஒன்று குடித்துவிட்டு பஸ் ஏறினான்.

செமிஃபைனலில் எங்கள் குட்டை ஃபார்வர்டு கோலில் நின்றான். ஆறு வாங்கினோம். முதலாளி ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டைக் கேட்கவும் இல்லை. மாசியில் என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அறைக்குத்தான் தூக்கி வந்தோம்.

இப்போது டி.வி.யில் கடைசி நாள், கடைசி நிமிடம் என்று ஆட்டக்காரர்களை மாற்றுவதைப் பார்க்கிறேன். எவ்வளவு பணம், எவ்வளவு வக்கீல்! முழங்கால் போனவனை என்ன செய்தார்கள் என்றுதான் நான் தேடுகிறேன். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. டீம் மாறும் காலம் சுருக்கமாக இருக்கட்டும், கட்டாயமாக இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கட்டுவது இரண்டு பேரையும் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பங்குனியோடு என் குத்தகை முடிந்தது. அடுத்த ஆடி வரட்டும், அதுவரை இரு என்றார் முதலாளி. அதற்குப் பிறகு என்னைக் கழித்துவிட அவருக்குப் பூரண உரிமை இருந்தது. கட்டுப் பிரித்த கை சற்றுக் கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. ஆடி ஒன்றாம் தேதி பயந்துகொண்டே மேஜைக்குப் போனேன். முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுங்க. இவனையுந்தான், இன்னொருத்தனையுந்தான். ரெண்டு பேர்" என்றார் விறைப்பாக.

பத்திரக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். நெடுநேரம் யோசித்து எழுதி, உரக்கப் படித்தார்: 'கிழக்கே, சற்றே கோணலானாலும் யாதொரு வில்லங்கமும் இல்லாத வலது கை.'

அந்தத் தாளை மகளின் பிறப்புச் சான்றிதழோடு பீரோவில் வைத்திருக்கிறேன். என் கையைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை.