கண்ணாடி போடாமல் போட்ட டிக்

தப்பு என்னுடையதுதான். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த அன்றுதானா அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்? ஆசிரியர் பயிற்சிக்கான படிவம். இரண்டு கட்டங்கள். ஒன்று, 'பங்கேற்க விருப்பம்'. மற்றது, 'பயிற்சி நடத்த விருப்பம்'. முதல் கட்டத்தில்தான் டிக் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அறிவிப்புப் பலகையில் 'பயிற்சியாளர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

தலைப்பு: 'வகுப்பைத் தூங்கவிடாமல் நடத்துவது எப்படி?'

பதினெட்டு வருடமாக எல்லாப் பயிற்சியிலும் கடைசி வரிசையில் தூங்கியவன் நான்.

"வாழ்த்துகள் சார்! ஆனா முதுநிலைப் பதவிக்கு உங்களுக்கு இன்னும் ஆறு மணி நேரப் பயிற்சி குறையுதுல்ல? நடத்துறவங்களுக்கு அது சேராதே" என்றார் அறிவியல் ஆசிரியர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு களை வரும்.

ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிய பதவி. இந்த முறையும் போனால், அடுத்த வாய்ப்புக்கு முன்னால் எனக்கு ஓய்வு வந்துவிடும்.

அலுவலக உதவியாளர் அம்மாவிடம் ஓடினேன். நான் பயிற்சிக்குப் போகிற நாள்களில் என் எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

"என் படிவத்தை எடுங்கம்மா, திருத்தணும்."

"பட்டியல் மேல போயாச்சு சார்." கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "மேடத்தைப் பாருங்க."

தலைமையாசிரியையிடம் போனேன். "மேடம், எனக்கு அந்தத் தகுதி இல்ல. தெரியாம..."

"இந்த அடக்கம்தான் சார் உங்ககிட்ட பிடிச்சதே!" என்று போனை எடுத்தார். பேசி முடித்தபோது பக்கத்துப் பள்ளிகள் இரண்டு சேர்ந்திருந்தன. இருபது பேர் அறுபது பேரானார்கள்.

மறுநாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். "குரலே வரல மேடம்."

"அதுக்கென்ன, மைக் வெச்சுடலாம்."

மைக்குக்காகப் பெரிய அரங்கம் பிடித்தார். அரங்கம் காலியாகத் தெரியுமே என்று இன்னொரு பள்ளியையும் கூப்பிட்டார்.

வீட்டில் மகள் அறுபத்திரண்டு ஸ்லைடு தயாரித்துக் கொடுத்தாள். மனைவி முன்னால் ஒத்திகை. நாலாவது ஸ்லைடில் குறட்டை கேட்டது.

"தூங்கிட்டியா?"

"தலைப்பு என்னன்னு சொன்னீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அந்த நாளும் வந்தது. மைக் வேலை செய்தது, புரொஜெக்டர் செய்யவில்லை. எண்பது ஆசிரியர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அதற்குள் இரண்டு தலை சாய்ந்திருந்தது. என்னுடைய இடம். பொறாமையாக இருந்தது.

வேறு வழி தெரியாமல், எட்டாம் வகுப்பில் செய்வதையே செய்தேன்.

"மூணை அரையால வகுத்தா?"

"ஆறு" என்று நாலைந்து குரல்.

"வகுத்தா குறையணுமே, ஏன் கூடுச்சு?"

"தலைகீழாக்கிப் பெருக்கணும் சார்."

"ஏன் தலைகீழாக்கணும்?"

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எழுதிக் கொண்டுவந்திருந்த உரையிலிருந்து மூன்று தாளை உருவி, ஒவ்வொன்றையும் பாதியாகக் கிழித்தேன். "மூணுல எத்தனை அரை இருக்குன்னுதானே கேட்கிறோம்? எண்ணிக்கோங்க."

"அட, இவ்வளவுதானா!" முன்வரிசை மொழி ஆசிரியை எழுந்தே விட்டார். "நாற்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்காங்களே!"

சாய்ந்த தலைகள் நிமிர்ந்தன. 'முக்காலைக் காலால வகுங்க', 'காலை அரையால வகுங்க' என்று மாலைவரை கிழித்தோம். அறிவியல் ஆசிரியர் தன் பாடக்குறிப்பு நோட்டையே கிழித்துவிட்டார்.

எல்லாரும் போனபிறகு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"நல்லா நடந்துச்சும்மா. ஆனா அந்த ஆறு மணி நேரம் போச்சு."

"யார் சொன்னா? நடத்துறவங்களுக்கு ரெண்டு மடங்கு, பன்னிரண்டு. படிவத்தோட பின்பக்கத்துலயே போட்டிருக்கு. ஒரு வாத்தியாராவது திருப்பிப் பார்த்தாத்தானே!"

கோப்பிலிருந்து என் படிவத்தை உருவி நீட்டினார். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். முதல் கட்டத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. அடியில் என் நீல டிக் மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது கட்டத்தில் பளிச்சென்று ஒரு பச்சை டிக்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. இதை யார் போட்டது?"

"நான்தான் சார். நீங்க பயிற்சிக்குப் போற நாளெல்லாம் உங்க பசங்க, 'எங்க சார் எப்படி நடத்துவார் தெரியுமா'ன்னு காகிதத்தைக் கிழிச்சுக் கிழிச்சு எனக்குப் பாடம் எடுத்தாங்க. கணக்குல நின்னுபோன பத்தாம் வகுப்பை, போன மாசம் எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்."