மூன்று பேட்டரிகளைக் கொன்றவன்

பேசாமல் இருப்பவனை ஊர் இரண்டில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒன்று, எதுவும் தெரியாதவன். இல்லாவிட்டால், எல்லாம் தெரிந்தவன். என் போதாத காலம், மாமனார் வீட்டில் என்னை இரண்டாவது கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அக்காள்மடத்தில் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். (சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று செய்கிற வேலை என்பதால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேனோ என்னவோ.) பெண் பார்க்கப் போன அன்றும் வாயைத் திறக்கவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற டெஸ்டரை எடுத்து வைக்க மறந்துபோயிருந்தேன். அது நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பெண்ணின் அண்ணன் முனியசாமி, "மாப்ள பேசத்தான் மாட்டாரு. ஆனா கரண்டுல புலி" என்று பாம்பன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கல்யாணமான மூன்றாவது மாதம் புலி வேஷம் கலைந்தது.

முனியசாமி மச்சானுக்கு ஒரு விசைப்படகு உண்டு. இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற முதல் நாள் அது. அந்தக் காலை வேளையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புதுப் பெயிண்ட் வாசமும் டீசல் வாசமும் கலந்து அடிக்கும். படகுக்குப் படகு வாழைக்கன்று, கொடி, வெடிச் சத்தம். இரண்டு மாதம் யாரும் வலை போடாத கடலில் இறால் குவிந்து கிடக்கும் என்று ஆளாளுக்குத் துடிப்பார்கள். ஆனால் ஒன்று. பத்து மணிக்குள் கிளம்பாத படகுக்கு மீன்துறை தருகிற அன்றைய டோக்கன் செல்லாது. கடலுக்குப் போக அடுத்த முறை வருவதற்குள் முதல் மீன்பாடு முழுவதும் அடுத்தவன் வலையில் ஏறிவிடும். அதை நம்பித்தான் மச்சான் இரண்டு மாதமாக வீட்டை ஓட்டியிருந்தார்.

படகு டிரைவர் காதர் பாய் டோக்கன் வாங்கப் போயிருந்தார். மச்சான் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"வீட்டு மாப்ள கையால வைக்கணும். அதுதான் எங்க வழக்கம். வாங்க மாப்ள."

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாயால் ஒன்றும் சொல்ல முடியாதவன், கையால் காட்டிவிடுவோம் என்று இறங்கினேன். சுக்கானுக்கு வைத்தேன். பலகையைத் தூக்கிக் குழிக்குள் இறங்கி இஞ்சினுக்கு வைத்தேன். பக்கத்தில் பேட்டரி. தடைக்காலத்தில் வீட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றி, அன்று காலைதான் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வயர் இன்னும் மாட்டவில்லை. அதன் தலையில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஈயக் குமிழ்களும் எனக்கு இரண்டு குட்டிப் பிள்ளையார்களாகவே தெரிந்தன. அப்பிவிட்டேன். உச்சியில், கழுத்தில், சுற்றிலும், தலா இரண்டு விரல் சந்தனம். மேலே குங்குமம். (அதன்மேலேயே வயரை மாட்டி முறுக்கியது படகு ஆள் ஒருவர், நானில்லை. இன்றுவரை எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.)

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது. ஆனி வெயிலில் குழி அடுப்பாகக் காய்ந்தது. முதல் சாவி முதலாளி கையால்தான் போட வேண்டும். மச்சான் குலசாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார்.

'டக்.'

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி 'டக்'.

பக்கத்துப் படகு தடதடவென்று கிளம்பிவிட்டது. படகு ஆட்களின் முகம் வாடியது. மச்சான் மட்டும் சிரித்தார்.

"ஏலே, எதுக்குலே மூஞ்சியத் தொங்கப் போடுறீய? நம்ம மாப்ள இங்கனதான நிக்காரு!"

இருபது ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின. 'மச்சான், எனக்கு வீட்டுக் கரண்டுதான் தெரியும், படகுக் கரண்டு தெரியாது.' இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் இருபது பேர் முன்னால் ஒரு வரி பேசுவதைவிடக் குழிக்குள் இறங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. இறங்கிவிட்டேன்.

டெஸ்டரைப் பேட்டரியில் வைத்தேன். எரியவில்லை.

"செத்துருச்சு" என்றேன். மாமனார் வீட்டாரிடம் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை.

வலது பக்கப் படகிலிருந்து உபரிப் பேட்டரியைத் தூக்கி வந்தார்கள். மாட்டுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டுமல்லவா? வைத்தேன். எரியவில்லை.

"இதுவும் செத்துருச்சு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. மச்சான் கரைக்கு ஓடி, ஐஸ் ஏற்றி வந்த வேன்காரரைக் கெஞ்சி, வண்டியில் இருந்த பேட்டரியைக் கழற்றி வந்தார். வேன்காரரும் கூடவே வந்தார். வைத்தேன். உதட்டைப் பிதுக்கினேன்.

"யோவ், என்னய்யா சொல்றீரு?" வேன்காரர் குதித்தார். "இந்தப் பேட்டரியிலதான்யா இப்ப வண்டிய ஓட்டிட்டு வந்தேன்!"

"வந்த பெறகு செத்திருக்கும்" என்றேன். (எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.) மனிதர் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மணி ஒன்பதரை. படகுகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. இனிப் பேட்டரியை நம்பிப் பயனில்லை என்று வயர்களில் கை வைத்தேன். எல்லாவற்றையும் இழுத்தேன், பிரித்தேன், சேர்த்தேன். சிவப்போடு சிவப்பை முறுக்கினேன். வீட்டில் அப்படித்தான்.

'பாஆஆஆம்!'

ஹாரன் அலறியது. அலறிக்கொண்டே இருந்தது. எந்த வயரைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை. எங்கள் படகு சந்தோஷத்தில் கூவுகிறது என்று நினைத்து, போய்க்கொண்டிருந்த படகுகளெல்லாம் பதிலுக்கு ஹாரன் அடித்தன. கரையில் யாரோ ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். இஞ்சின் ஓடிவிட்டது என்று நம்பி, வழியனுப்ப வந்திருந்த என் மாமியார் குலவை போட்டார். அவரைப் பார்த்துப் பத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். குழிக்குள் நான் மட்டும் வியர்வையில் நனைந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் காதர் பாய் டோக்கனோடு ஓடி வந்தார். ஒரே இழுப்பில் ஹாரன் வயரைப் பிடுங்கினார்.

"பேட்டரி செத்துப்போச்சு பாய்" என்றார் மச்சான், அழாத குறையாக. "மூணு பேட்டரியும்."

"யா அல்லாஹ்! செத்த பேட்டரியா இந்தக் கத்துக் கத்துச்சு? யாரு சொன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் என் கையிலிருந்த டெஸ்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது வீட்டுக் கரண்டுக்கு எரியிறது. பேட்டரியோட பன்னெண்டு வோல்ட்டுக்கு இது கண்ணே தொறக்காது. இத வச்சா மூணு உசுரப் பறிச்சீக?"

வேன்காரர் எழுந்து, தன் பேட்டரியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் முறுக்கிவைத்த வயர்களையெல்லாம் பாய் பழையபடி மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். 'டக்.' பேட்டரிக் குமிழில் விரலை வைத்தவர் சட்டென்று எடுத்தார்.

"சுடுது. இங்கனதான் கரண்டு போக வழியில்லாம முட்டுது." வயரைக் கழற்றினார். மஞ்சள் மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது.

"சந்தனம்! எந்த மகராசன் இதுக்குள்ள சந்தனம் வச்சது?"

நான் கைகளைப் பின்னால் மறைத்தேன். பின்னால் மச்சான் நின்றுகொண்டிருந்தார். என் பத்து விரலும் மஞ்சள்.

பாய் கத்தியால் சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், வயரை முறுக்கினார். பத்து மணிக்கு இன்னும் ஏழு நிமிஷம். மச்சான் சாவியைத் திருப்பினார்.

தட... தட... தடதடதட! புகை கிளம்பியது. படகு ஆட்கள் என்னைத் தூக்கி மேலே விட்டார்கள். கயிற்றை அவிழ்த்தாயிற்று. மச்சான் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரித்துவிட்டார் மனிதர்.

"மாப்ள, நீங்க கரண்டுல புலியில்ல. பக்தியில புலி. எறங்குங்க, நான் போயிட்டு வாரேன்!"

படகு நகர ஆரம்பித்திருந்தது. கரைத் தளத்தை நோக்கி ஒரே தாவு தாவினேன். முக்கால் தூரம் தாண்டினேன். மிச்சக் கால் தூரத்தில் கடல் இருந்தது. என்னை மேலே இழுத்துவிட்டவர் என் மாமியார். என் மனைவி உதவிக்கு வரவில்லை. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாடு மச்சானுக்கு இறால் அள்ளிக்கொண்டு வந்தது. ராசியான கை என்று இன்றும் தடைக்காலம் முடிந்தால் என்னைத்தான் சந்தனம் வைக்கக் கூப்பிடுகிறார். ஆனால் நான் குழிக்குள் இறங்கும்போது காதர் பாயும் கூடவே இறங்குவார். பேட்டரிமேல் ஒரு சாக்கைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். நான் வைத்து முடித்து ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும். பள்ளிக்கூடம் போகிற என் மகள், சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை உருவி என் கால் கட்டைவிரலில் வைத்துப் பார்ப்பாள்.

"அம்மா, எரியல. செத்துருச்சு!"

அடுப்படியிலிருந்து பதில் வரும்: "நல்லாப் பாருடி. சந்தனம் அப்பியிருக்கும், சொரண்டி விடு!"