அந்தப் பக்கத்துக் கோடு

அக்ரூட் பலகை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் நான் எடுத்த ஒன்பதாவது உறுதியான முடிவு. முந்தைய எட்டும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். நல்லவேளை, ஒன்றும் நிறைவேறவில்லை.

பலகை என்றால் சாதாரணப் பலகையா? ஆறு விரல் தடிமன், ஒன்றேகால் முழ அகலம், என் நெஞ்சு உயரம். பதினோரு வருடமாகக் கொட்டகை நிழலில் காய்ந்தது. அதைத் தடிமனில் சரிபாதியாக அறுத்து, புத்தகம் விரித்த மாதிரி இரண்டையும் அருகருகே சேர்த்தால், பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துச் சுற்றி உட்காரும் மேசை. எங்கள் சேக்காளிகள் கூட்டமும் பன்னிரண்டு பேர்தான். மாதம் ஒருவர் வீட்டில் விருந்து; இந்த அக்டோபரில் என் முறை. போன மாதம் விருந்து வைத்த பத்ரித்தின், தன் மேசையைத் தட்டித் தட்டிப் பெருமை பேசி எங்கள் பிலாவ் சோற்றை ஆறவைத்தான். அவன் வாயடைத்துப் போவதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், எனக்கு வேறு ஆசையே இல்லை.

குறுக்கே வந்தது தொட்டில். மூத்த மகள் தில்னவோஸ் தலைப்பிள்ளை பெற்றிருந்தாள். நாற்பதாம் நாள் பெண் வீட்டார் தொட்டிலோடு போய் நிற்க வேண்டும். என் மனைவி ஹோசியத் தேநீரை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“தில்னவோஸோட அப்பா, அந்தப் பலகை...”

“மேசைக்கு.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!”

“நீ இழுக்கும்போதே தெரியுது. தொட்டிலைக் கடைத்தெருவுல வாங்கிக்கலாம். பூப்போட்டு, வர்ணமடிச்சு, பளபளன்னு வெச்சிருக்கான்.”

“பாப்லர் கட்டைங்க அது. ஆட்டுனா கீச்கீச்னு கத்தும். நாமதான் எழுந்து தொட்டிலுக்குத் தாலாட்டுப் பாடணும். அவ ஓரகத்திக்கு அக்ரூட் தொட்டில் வந்துச்சு. நம்ம பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

“மேசைன்னா மேசைதான்!”

“சரிங்க.”

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஹோசியத் சண்டை போட்டால் பயமில்லை. ஒத்துக்கொண்டால்தான் ஆபத்து.

பக்கத்து வீட்டுத் தச்சர் மமதலி உஸ்தாவிடம் பெரிய ரம்பம் கேட்டேன். ரம்பத்துக்கு இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ரம்பத்தைத் தந்தார், ஆனால் தனக்கு இடுப்பு வலி என்றார். அரை மணி கழித்து அதே மனிதர் பூசணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதுதான் நான்.

“நான் பிடிக்கிறேங்க” என்றாள் ஹோசியத். அவள் அப்பா மரம் அறுக்கிறவர். சிறு பெண்ணாக ரம்பத்தின் மறுமுனையில் நின்று வளர்ந்தவள். நானோ பூகோள வாத்தியார். பூமிக்கே கோடு போட்டவன், பலகைக்குப் போட மாட்டேனா? பலகையை நிமிர்த்தி மல்பெரி மரத்தோடு கட்டினோம். இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் பக்கத்து ஓரம் தெரியவில்லை.

“நல்லாக் கேட்டுக்க. அவங்கவங்க கோட்டை மட்டும்தான் பார்க்கணும். அடுத்தவங்க கோட்டை எட்டிப் பார்த்தா கை கோணிடும்.”

“எங்க அப்பா இதைச் சொல்லித் தரலையே!”

“படிச்சவன் வீட்டுல இருக்கிறது எதுக்கு? உன் பக்கம் கோடு போட்டாச்சா?”

“ஆச்சு.”

“நடுவுலதானே?”

“போட வேண்டிய இடத்துல போட்டிருக்கேன்.”

மூன்று நாள் அறுத்தோம். ரம்பம் சிக்கியபோதெல்லாம் அறுத்த இடுக்கில் ஆப்பு அடித்தாள், ஆட்டுவால் கொழுப்பை எடுத்து ரம்பத்தில் தடவினாள். வாயும் சும்மா இல்லை.

“தள்ளாதீங்க! இழுக்க மட்டும் செய்யுங்க.”

“தள்ளலையே.”

“எதையும் தள்ளிப்போட்டே பழகிட்டீங்க!”

மூன்றாம் நாள் மத்தியானம் பலகை பிரிந்தது. விரல் வைத்து அளந்தேன். திரும்ப அளந்தேன். என் ஓரத்தில் இரண்டும் மூன்று மூன்று விரல். அவள் ஓரத்தில் ஒன்று ஒன்றரை விரல், மற்றது நாலரை. இரண்டையும் சேர்த்து மேசை போட்டால் பிலாவ் தட்டு சறுக்கி நேரே பத்ரித்தின் மடியில் போய் இறங்கும். நான் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மமதலி உஸ்தா நிமிர்ந்த முதுகோடு உள்ளே வந்தார். கையில் தொட்டில் அளவுக்குச்சி.

“அடடா! தலைமாட்டுப் பலகை அடியில மூணு விரல், மேல ஒண்ணரை. நான் பத்து நாள் முன்னாடி சொன்ன அளவு அப்படியே வந்திருக்கே, தங்கச்சி! கோடு யாரு போட்டது?”

ஹோசியத் முக்காட்டைச் சரிசெய்தபடி தலை குனிந்தாள். “எல்லாம் அவரு யோசனைதாங்க. படிச்சவரு.”



நாற்பதாம் நாள் சம்பந்தி தொட்டிலைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. “பேரனுக்காக இவ்வளவு பெரிய பலகையை அறுக்க உங்களுக்கு மனசு வந்துச்சே, சம்பந்தி!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். தில்னவோஸ் கொப்புளம் கண்ட என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பேரன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கும் கண் கலங்கியது. என் விருப்பப்படி நடந்திருந்தால், அந்த நேரம் நான் ஒரு மேசைக்குச் சொந்தக்காரன், அவ்வளவுதான். மகள் அழுத அந்த அழுகை எனக்குக் கிடைத்திருக்காது.

வீடு திரும்பும் வழியில் மனதாரச் சொன்னேன். “ஹோசியத், உனக்கு ரொம்ப நன்றி.”

“எதுக்குங்க?”

“எல்லாத்துக்கும். ஆனா அந்தத் தடிச்ச பலகை எனக்கு. இழைச்சா நாலு பேர் மேசை வரும். இந்தத் தடவை ரெண்டு ஓரத்துலயும் நானே கோடு போடுவேன்.”

“தாராளமாப் போடுங்க.”

பென்சிலும் அளவுகோலுமாகக் கொட்டகைக்குப் போனேன். பலகையின் இரண்டு ஓரத்திலும் ஏற்கெனவே கோடு இருந்தது. பக்கத்தில் ஹோசியத்தின் கையெழுத்து: ‘ஷஹ்லோ. மார்ச் மாதம்.’

போன வருடம் கட்டிக்கொடுத்த எங்கள் இளைய மகள் ஷஹ்லோ உண்டாகியிருக்கும் நல்ல செய்தியை, பெற்ற அப்பன் நான், பலகையில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.